எல்லை தாண்டாத நாற்பத்தொரு நாள்

திருவனந்தபுரம்
30-6-1953, செவ்வாய்

அத்தானுக்கு சிவகாமி எழுதிக்கொள்வது.

நீங்கள் எங்களை இங்கே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறியது வெள்ளிக்கிழமை. நாலு நாள்தான் ஆகிறது. பிள்ளைக்கு மாறுகண்ணாகத்தான் இருக்கும், ஒரு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் அப்படியே நம்பினேன்.

நேற்று பெரிய டாக்டர் வடிவுக்கு மயக்க மருந்து கொடுத்து, இடது கண்ணுக்குள் விளக்கு அடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கமாக ஏதோ வளர்ந்திருக்கிறதாம். இருட்டில் அந்தக் கண் மட்டும் பூனைக் கண் மாதிரி மின்னுகிறது என்று சித்திரையில் நான் உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேனே, அதுதான் அது. என்ன வளர்ச்சி என்று உறுதியாகச் சொல்ல இரண்டு வாரம் ஆகும் என்றார். தலைக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், இன்னொரு தடவை மயக்கிப் பார்க்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் போனதும் கட்டிலில் மாட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். நீளமான ஒரு வார்த்தை. இதே ஊரில் நாலு வருஷம் காலேஜில் படித்த இங்கிலீஷ், எனக்கு வேண்டாத நேரத்தில் நன்றாகப் புரிந்தது. வார்த்தைக்குப் பக்கத்தில் டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். இப்போதைக்கு அந்தக் கேள்விக்குறியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக்கூடாது. நம் முத்தாரம்மன் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா ஆகஸ்டு பதினொன்றாம் தேதி என்று பூசாரி சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். நேர்ச்சைக்காரர்கள் நாற்பத்தொரு நாள் முந்தியே கையில் காப்புக் கட்டுவார்களே, அதை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். வடிவின் கண்ணை விட்டுத் தரச் சொல்லி அம்மையிடம் கேளுங்கள். கல்யாணமான புதிதில், காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டினால் அம்மன் என்ன போலீஸா பிடித்துப் போக என்று நான் கேட்டதும், நீங்கள் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. அந்தச் சிவகாமி வேறு யாரோ போலிருக்கிறது.

வடிவு நன்றாகச் சாப்பிடுகிறாள். லீலாபாய் என்று ஒரு நர்ஸ், நெய்யூர்க்காரி, அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். உடனே பதில் எழுதுங்கள். வார்டில் நாற்பது கட்டில் இருக்கிறது. பேசுவதற்கு எனக்கு ஒரு ஆள் இல்லை.

சிவகாமி

*

குளத்துப்புதூர்
4-7-1953

சௌபாக்கியவதி சிவகாமிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நான் சிரிக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை விடியற்காலை குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். கொடை கழிந்து மறுநாள், ஆகஸ்டு பன்னிரண்டு புதன்கிழமை, நாற்பத்தொன்றாம் நாள், பூசாரி கையால் அவிழ்ப்பது. அதுவரை தெற்கே கால்வாய்ப் பாலத்தையும் வடக்கே பனைவிளையையும் தாண்டக்கூடாது. பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருப்பதால் வேலைக்குத் தடங்கலில்லை. ஒரு நேரம் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் படுக்கை.

பூசாரி பூதலிங்கம் என்ன வேண்டுதல் என்று கேட்டார். "வடிவுக்கு இடது கண் ஒளியோடு விளங்க வேண்டும்" என்றேன். அதையே அவர் அம்மன் முன்னால் மூன்று தடவை உரக்கச் சொன்னார். காணிக்கைக்கு வெள்ளியில் கண்மலர் செய்ய வடசேரித் தட்டானிடம் ஆள் மூலம் சொல்லிவிட்டேன்.

நீ தைரியமாக இருக்க வேண்டும். டாக்டர் கேள்விக்குறி போட்டிருக்கிறார் என்றால் அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். படித்தவர்கள் தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது நல்ல பழக்கம். குழந்தைக்கு ஆஸ்பத்திரி ரொட்டியை அதிகம் கொடுக்காதே.

தா. கோலப்பன்

*

திருவனந்தபுரம்
15-7-1953

அத்தானுக்கு,

கேள்விக்குறியை அடித்துவிட்டார்கள்.

புற்றுதான். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணில் புற்று வரும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. டாக்டர் என்னை உட்காரச் சொல்லி, நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் பயத்தைச் சேர்க்கவில்லை. "இந்தக் கண்ணில் இப்போதே பார்வை இல்லை. கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளையைக் காப்பாற்ற வழியிருக்கிறது. இது நரம்பு வழியாகப் பின்னால் போக ஆரம்பித்தால் மூளைக்குப் போகும். அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும்."

வலது கண் சுத்தமாக இருக்கிறதாம். அதை மூன்று தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

இத்துடன் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிற அச்சுப் பாரம் ஒன்று வைத்திருக்கிறேன். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். நானே போடுகிறேன் என்றேன். ஆபீசில் இருக்கிற கிளார்க் என் முகத்தைப் பார்க்காமலே, "அச்சன்றெ ஒப்பு வேணும். அச்சன் ஜீவனோடெ உண்டல்லோ?" என்றார். அப்பன் கையெழுத்துத்தான் வேண்டுமாம், உயிரோடு இருக்கிறாரல்லவா என்று கேட்கிறார். உண்டு என்றேன்.

உங்களால் வர முடியாது என்பது தெரியும், வரச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட எல்லை தாண்ட வேண்டியதில்லையே. மறு தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அம்மையிடம் கேட்டதை மாற்றிக் கேளுங்கள். கண் போகட்டும், பிள்ளையைத் தா என்று கேளுங்கள். நான் சொல்லித்தானே கண்ணைக் கேட்டீர்கள். தப்பாகக் கேட்கச் சொல்லிவிட்டேன். அவளுக்கு அது புரியாதா?

சிவகாமி

*

குளத்துப்புதூர்
18-7-1953

சிவகாமிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டதை நானே தப்பென்று அழித்தேன்.

பூசாரியிடம் மாற்றிக் கேட்கலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். "வாத்தியாரே, மூணு வட்டம் உரக்கச் சொல்லி, ஊரு கேக்க ஒண்ணு கேட்டாச்சு. பதினஞ்சாம் நாளு வந்து, அது வேண்டாம் இதைத் தான்னா, அம்மை என்ன சாலைக் கடையில துணி விக்கிறவளா? நாற்பத்தொண்ணு முடியட்டும். எடுக்கணும்னா அவளே எடுப்பா, குடுக்கணும்னா அவளே குடுப்பா." அங்கே நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள்.

நீ இதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடிப்பாய். எனக்குத் தெரியும். உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஏழு வயதில் அப்பா காப்புக் கட்டியிருந்தார். ஐந்தாம் நாள் நாகர்கோவில் கோர்ட்டில் வயல் கேஸ் விளிக்கிறார்கள் என்று போய்விட்டு இருட்டுமுன் திரும்பிவிட்டார். அந்த வாரத்திலேயே அண்ணன் வாந்திபேதியில் போனான். அண்ணனை நீ பார்த்ததில்லை, பெயர் சாம்பசிவன். அதன்பிறகு என் அம்மா அப்பாவுக்குத் தன் கையால் சோறு விளம்பியதில்லை. சட்டியை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பா தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார். பதினெட்டு வருஷம் அப்படி.

பிள்ளை பெண்பிள்ளை. ஒற்றைக் கண்ணோடு அவளை எந்த வீட்டில் மருமகளாகக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைப்பது பாவமாக இருந்தால் இருக்கட்டும்.

பாரம் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் இருபத்தைந்து நாள். அதுவரை தள்ள முடியாதா என்று டாக்டரிடம் பணிவாகக் கேட்டுப் பார்.

கோலப்பன்

*

திருவனந்தபுரம்
23-7-1953

கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை?" என்றார். கணக்கு வாத்தியார் என்றேன். கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கண் நேற்றிலிருந்து சிவந்து பிதுங்கியிருக்கிறது. வலி வந்தால் தலையைக் கட்டில் கம்பியில் முட்டுகிறாள். கம்பிக்கும் தலைக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் விழிஞ்ஞத்திலிருந்து திரேசியா என்று ஒரு மீன்காரி மகனோடு இருக்கிறாள். அவனுக்கும் இதே நோய், ஆனால் இரண்டு கண்ணிலும். ஒன்றைப் போன மாதம் எடுத்தார்கள், மற்றதை வருகிற வாரம் எடுக்கப் போகிறார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று அவள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தாள். "எந்தினா கரயுந்நே? கண்ணில்லெங்கி கடலுக்குப் போகாண்டாம், அவ்வளவுதானே. கஞ்சி குடிச்சோண்டு எனக்க பக்கத்தில இருப்பான்." பேச்சை மாற்றுவதற்காக, மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் கேட்டில்ல. அவளுக்கும் ஒரு பிள்ள போயதல்லே. எனக்க கூட இருன்னு மட்டும் சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு, என் தலைமுடியில் சிக்கு விழுந்திருக்கிறது என்று அவளே சீப்பெடுத்து வாரிவிட்டாள். இந்த நாலு வாரத்தில் என்னைத் தொட்ட ஒரே பெரிய மனுஷி அவள்தான்.

உங்கள் அண்ணனுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நான் அவனைப் பார்த்ததில்லை. என் மடியில் கிடக்கிறவளைத்தான் பார்க்கிறேன்.

பாரத்தை அனுப்புங்கள்.

*

திருவனந்தபுரம்
27-7-1953

அத்தானுக்கு,

சனிக்கிழமை காலை ஆபரேஷன் நடந்தது. வடிவு உயிரோடு இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைத் தபாலிலும் நீங்கள் அனுப்பவில்லை. கிளார்க்கிடம் போய், முதல் பாரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கினேன். வராந்தாவில் உட்கார்ந்து உங்கள் பெயரை எழுதினேன். ஆறு வருஷமாக உங்கள் கையெழுத்தைப் பார்த்து வருகிறேன், கடைசி எழுத்தில் இழுத்துவிடும் வால் உட்பட எனக்குத் தெரியும். அந்த வாலையும் இழுத்துவிட்டேன். கிளார்க், "பர்த்தாவு வந்நோ?" என்று கேட்டார். வந்துவிட்டுப் போனார் என்றேன்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். வெளியே ஒரு பெஞ்சியில் இருந்தேன். எதிரே சன்னல். அதற்கு வெளியே காலேஜ் பெண்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டு போனார்கள், ஒருத்தி கையில் பூத்தையல் போட்ட பை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ரோட்டில் நானும் இப்படித்தான் போனேன். இங்கே சன்னலுக்கு உள்ளே இப்படி ஒருத்தி இருந்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. முத்தாரம்மனைக் கூப்பிடப் பார்த்தேன். உங்கள் கையில் கட்டியிருக்கிற காப்புத்தான் கண்முன் வந்தது. அவளைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவள் நான், என்னவென்று கூப்பிடுவது? கடைசியில் திரேசியா சொன்னதையே சொன்னேன். என் கூட இரு. யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

இரண்டு கண்ணையும் மூடித் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்கிறது. மயக்கம் தெளிந்ததும், "விளக்கை யாரு அணைச்சா?" என்று கேட்டாள்.

எடுத்த கண்ணை ஒரு சீசாவில் மருந்தில் போட்டு வேலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நரம்பை வெட்டிய முனையில் நோய் இருக்கிறதா இல்லையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்களாம். அது வரும்வரை ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான் செய்ததை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

சிவகாமி

*

குளத்துப்புதூர்
1-8-1953

சிவகாமிக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் வேண்டுமே.

என் பெயரை நீ எழுதினாய். அந்த எழுத்தை நான் எழுதியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது, நீ எழுதியிருக்கக்கூடாது என்றும் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே தோன்றுகின்றன. செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் முடிந்தது தெரியாமல், இரவல் பேனாவில் மை நிரப்பி, பாரத்தை மேசைமேல் விரித்து வைத்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், நியாயம் பேசுவதற்காக அல்ல.

பூசாரி தினமும் சாயந்திரம் திருநீற்றை என் கையில் கொட்டி, "பிள்ளைக்குக் கண்ணு தெளியும் வாத்தியாரே" என்கிறார். நான் வாங்கிப் பூசிக்கொள்கிறேன். இல்லாத கண்ணுக்காக இன்னும் பதினொரு நாள் காப்போடு இருக்க வேண்டும். அம்மன் முன்னால் நிற்கும்போது எதைக் கேட்பது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வருகிறேன். அவிழ்த்துவிட்டு வா என்று நீ சொல்வாய். பயமாக இருக்கிறது. முப்பத்தேழு வயதில் இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

விளக்கை யார் அணைத்தது என்று அவள் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே.

கோலப்பன்

*

திருவனந்தபுரம்
5-8-1953

அத்தானுக்கு,

வேலூரிலிருந்து தபால் வந்துவிட்டது. வெட்டிய முனையிலும் நோய் இருக்கிறது.

நிறைய இல்லை, கொஞ்சம் என்கிறார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எக்ஸ்ரே வைத்துச் சுட்டுவிடலாம், அதற்காகத்தான் இங்கே பெரிய மிஷின் இருக்கிறது என்றார். மொத்தம் இருபது தடவை. வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி ஆரம்பம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மிஷின் அறையில் அவள் மட்டும்தான் படுத்திருக்க வேண்டும். ஈயத் தகடு அடித்த கதவைச் சாத்திவிடுவார்கள். நாலு நிமிஷம் தலையை அசைக்கக்கூடாது. அசைந்தால் நல்ல கண்ணில் பட்டுவிடும். நேற்று மிஷினை ஓட்டாமலே படுக்க வைத்துப் பார்த்தார்கள். கதவைச் சாத்தியதும் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று தடவையும் அப்படித்தான். நீங்கள் மடியில் போட்டு வாய்ப்பாடு சொல்லித் தூங்க வைப்பீர்களே, அது ஞாபகம் வந்து நான் கதவுக்கு வெளியே நின்று உரக்க வாய்ப்பாடு சொன்னேன். உள்ளேயிருந்து அழுகையோடு கத்துகிறாள்: "நீ சொல்லாண்டாம். உனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. அப்பா சொல்லட்டும்." லீலாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அப்புறம் நிறுத்த முடியாமல் அழுதேன்.

அசையாமல் கிடக்காவிட்டால் தினமும் குளோரோபாம் கொடுக்க வேண்டுமாம், இருபது நாளும். இப்போது அவள் இருக்கிற இருப்பில் அது நல்லதில்லை என்று டாக்டரே சொல்கிறார்.

அதனால் கேட்கிறேன். பன்னிரண்டாம் தேதி வேண்டாம். இப்போது வாருங்கள். காப்பை அவிழ்க்க வேண்டாம், கையில் அதோடேயே வாருங்கள். கதவுக்கு வெளியே நின்று நாலு நிமிஷம் வாய்ப்பாடு சொல்லுங்கள். அம்மன் கேட்டால் சிவகாமி கூப்பிட்டாள் என்று சொல்லுங்கள். வருவது எதுவானாலும் என் தலையில் வரட்டும்.

சிவகாமி

*

குளத்துப்புதூர்
8-8-1953

சிவகாமிக்கு,

கடிதம் நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே கையில் கிடைத்தது. மணி அடித்ததும் பையில் ஒரு வேட்டியும் துண்டும் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பாலத்துக்குப் போனேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாலரை மணிப் பஸ் அந்தப் பக்கம் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, ஏறல்லியா?" என்றான். என்னிடம் படித்தவன். "இல்லடே, ஒரு ஆளை வழியனுப்ப வந்தேன்" என்றேன். அவன் என் பக்கத்தில் பார்த்தான். யாரும் இல்லை. "யாரை?" என்று கேட்டான். பஸ் போய்விட்டது. ஐந்தரைக்கு அடுத்த பஸ்ஸும் போயிற்று. பாலத்தின் நீளம் பன்னிரண்டு அடி இருக்கும். ஒரு கால் எடுத்து வைத்தால் அவள் செத்துப்போவாள் என்றும், எடுத்து வைக்காவிட்டால் செத்துப்போவாள் என்றும் மாறி மாறித் தோன்றிக்கொண்டே இருந்தது. இருட்டிய பிறகு திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை காப்பு அவிழ்த்ததும் முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் என்று நாலு தடவை முடிந்திருக்கும். அந்த நாலும் எனக்கு இல்லை என்று தெரியும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நீ பாரம் அனுப்பிய அன்றே நான் கையெழுத்துப் போட்டிருந்தால் நோய் நரம்பின் முனைவரை போயிருக்காதா? ஒரு வாரம் என்று டாக்டர் சொன்னார், பத்து நாள் ஆகிவிட்டது. டாக்டரிடம் கேட்டு எழுது. எனக்காக மறைக்காதே. உள்ளதை எழுது.

கோலப்பன்

*

திருவனந்தபுரம்
10-8-1953

அத்தானுக்கு,

மத்தியானத் தபாலில் கடிதம் வந்தது. உடனே எழுதி எக்ஸ்பிரஸ் தபாலில் போட்டால் புதன்கிழமை நீங்கள் புறப்படுமுன் கிடைத்துவிடும் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை குளோரோபாம் கொடுத்தார்கள். நாள் முழுக்க வாந்தி எடுத்தாள். சனிக்கிழமை அந்தத் துணியை மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் கையால் தட்டிவிட்டு, "மணம் வேண்டாம். நான் கெடக்கேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் லீலாபாயைப் பார்த்தேன். படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். லீலாபாய் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கதவு திறந்தபோது வைத்தது வைத்தபடி கிடந்தாள். இன்றைக்கும் அப்படியே. வெளியே வந்ததும், பயமாக இருந்ததா மக்களே என்று அவளிடம் கேட்டேன். "இருந்துது. அங்க யாருமே இல்லம்மா. மிஷினும் நானும்தான். பெறவு அப்படியே கெடந்தேன்." உங்களைக் கேட்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஒரு தடவையும் கேட்கவில்லை. உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. வந்து நின்றதும், நான் வாய்ப்பாடு சொல்லட்டுமா என்று நீங்கள் கேட்டு, அவள் வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்குத் தாங்காதே என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே இல்லை. திரேசியாவைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டுப் பழவங்காடிக்கு நடந்து போனேன். ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு வாரத்தில் முதல் தடவையாக வெளியே போகிறேன். பிள்ளையார் கோயில் முன்னால் ஆளாளுக்குத் தேங்காயை ஓங்கி எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் இருக்கிறது. நானும் ஒரு தேங்காய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தடவை கேட்டுத்தான் இந்தப் பாடு. பின்னால் நின்ற ஒரு பட்டர் மாமி, "உடைக்கிறதானா உடையேண்டி, வழி விடு" என்றாள். எதற்கு என்று சொல்லாமலே உடைத்தேன். சுக்குநூறாகத்தான் உடைந்தது. திரும்பி வரும்போது கொஞ்சம் நன்றாக மூச்சு விட்டேன். இதற்குப் பெயர் பக்தியா இல்லையா என்று காலேஜில் படித்ததில் ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்டது.

நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. சற்று முன்னால்கூட அவர் தனியாகத்தான் நின்றார், கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் சொல்வார். அந்தப் பத்து நாளால்தான் என்று சொல்லலாம். முதலிலேயே போயிருந்தது என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் அதோடு நாம் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்து சாப்பிட வேண்டும். காப்புக் கட்டச் சொன்னவள் நான். கண்ணைக் கேட்கச் சொன்னவளும் நான். பாலத்தில் நின்றது நீங்கள். யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க ஆரம்பித்தால் எங்கே முடியும் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். உங்கள் பெயரை எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் எதற்கும் கேட்க வேண்டாம். ஆனால் இங்கே வந்து டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று ஒரு முடிவோடு பஸ் ஏறுங்கள். முடியாது என்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊரிலேயே இருந்துவிடுங்கள். இருபது நாளையும் நானே பார்த்துக்கொள்வேன். பழகிவிட்டது.

பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை வலது கண்ணைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஐந்து வருஷத்துக்கு. அதுவரை நல்ல நாள், கெட்ட நாள் என்று ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விளக்கை யார் அணைத்தது என்று கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான் அணைத்தேன் மக்களே என்று சொன்னேன்.

அழுகை வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருமுன் எங்காவது நின்று அழுதுவிட்டு வாருங்கள். கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லாதீர்கள், தானாகக் காட்டுவாள், அப்போது முகத்தைத் திருப்பாதீர்கள். வாசலிலிருந்து ஒன்பதாவது கட்டில். வந்ததும் அவளுக்கு வலப்பக்கமாகச் சுற்றிப் போய் நில்லுங்கள். இடப்பக்கம் நின்றால் நீங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது.

சிவகாமி